பலியும் முழு இருதய ஆராதனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து முடிந்ததும் "எங்களையே ஜீவபலியாகப் படைக்கிறோம்" என்று சபையாராக ஜெபிக்கிறோம். அப்படியென்றால் திங்கட்கிழமை காலையில் நாம் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் திணறுகிறோம். வேதபாட வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டும் நேரத்தில்தான் இந்த மாதிரிக் கேள்விகள் வரும். அப்படி வந்தவற்றில் முக்கியமானவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். வசனங்களை நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறேன்.

பழைய ஏற்பாட்டில் ஏன் இத்தனை பலிகள்? படிக்கவே அலுப்பாக இருக்கிறதே?

லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்களைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறோம். நிதானமாகப் படித்தால் அங்கே ஒரு பலி இன்னொன்றைப் போல இருக்காது.

சர்வாங்க தகனபலியில் மிருகம் முழுவதும் பலிபீடத்தில் எரிந்துவிடும். தோல் மட்டும் ஆசாரியனுக்கு. கொண்டுவந்தவருக்கு ஒரு துண்டு இறைச்சிகூடத் திரும்பாது. போஜனபலியில் இரத்தமே இல்லை. மாவு, எண்ணெய், தூபவர்க்கம், உப்பு, அவ்வளவுதான். சமாதானபலியோ ஒரு விருந்து. கொழுப்பு பலிபீடத்துக்கு, ஒரு பங்கு ஆசாரியனுக்கு, மீதியைக் கொண்டுவந்தவரும் குடும்பமும் சாப்பிட வேண்டும். அது நன்றிப் பலியாக இருந்தால் இறைச்சியை மறுநாளுக்கு வைக்கக் கூடாது (லேவியராகமம் 7:15). ஒரு மிருகத்தை ஒரே நாளில் ஒரு வீட்டார் மட்டும் எப்படிச் சாப்பிட்டு முடிப்பார்கள்? அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டாக வேண்டும். தேவனுக்கு நன்றி சொல்லப் போனவர் ஊருக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார். நம் திருநெல்வேலிச் சபைகளில் பண்டிகையின்போது நடக்கும் பொதுப்பந்தியான அசனத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம் நினைவுக்கு வரும்.

இவற்றோடு பாவநிவாரண பலியும் குற்றநிவாரண பலியும் உண்டு. பின்னதில் ஒரு கண்டிப்பான ஒழுங்கு இருக்கிறது. அயலானை ஏமாற்றி எடுத்தவன் முதலில் அந்தப் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் ஆட்டுக்கடாவோடு வரலாம் (6:4-6). ஏமாற்றப்பட்டவனைத் தாண்டிக்கொண்டு தேவனிடம் போக வழி இல்லை.

இன்னொன்றும் உண்டு. பலி மிருகத்தைக் கொண்டுவந்தவர்தான் அதன் தலையில் கை வைப்பார். அதை அறுப்பதும் அவரே (1:4-5). ஆசாரியனின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். அதாவது, பலியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க முடியாது.

ஏழைகள் என்ன செய்தார்கள்?

ஆட்டுக்கு வசதியில்லாதவர் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாவிட்டால் ஒரு எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு போதும் (லேவியராகமம் 5:7, 11). மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவை எருசலேமுக்குக் கொண்டுபோனபோது கொடுத்தது இந்தப் பறவைப் பலியைத்தான் (லூக்கா 2:24). உலகத்தின் இரட்சகர் வளர்ந்தது ஆட்டுக்குட்டி வாங்க முடியாத வீட்டில்.

தேவனுக்குப் பசியா? அவருக்கு எதற்கு இறைச்சி?

இந்தக் கேள்விக்குச் சங்கீதம் 50 நேரடியாகவே பதில் சொல்கிறது: "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன், பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகளே." இஸ்ரவேலைச் சுற்றியிருந்த பல சமயங்களில் பலி என்பது தெய்வங்களுக்கான உணவு. வேதாகமம் அந்த எண்ணத்தை வேரோடு பிடுங்குகிறது. லேவியராகமம் 17:11-ஐக் கவனித்துப் படியுங்கள். பாவநிவிர்த்திக்கான இரத்தத்தைத் தேவன் "உங்களுக்குக்" கட்டளையிட்டேன் என்கிறார். மனிதன் தேவனைச் சாந்தப்படுத்தக் கண்டுபிடித்த வழி அல்ல இது. திரும்பி வருவதற்குத் தேவனே திறந்துவிட்ட வாசல்.

ஆபிரகாமிடம் மகனைக் கேட்டாரே, அது நரபலி இல்லையா?

ஆதியாகமம் 22 எத்தனை முறை வாசித்தாலும் மனதைப் பிசையும் பகுதி. அதை லேசாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மகனை விறகோடு மலையேற்றிய அந்தத் தகப்பனின் வேதனையை எந்த விளக்கமும் தீர்த்துவிடாது.

ஆனாலும் கதை முடியும் இடத்தைப் பாருங்கள். பிள்ளையைப் பலியிடும் வழக்கம் கானானில் இருந்தது. அதே காலத்து மக்கள் எதிர்பார்த்திருக்கக்கூடிய முடிவுக்கு நேர் எதிராக, தேவன் ஆபிரகாமின் கையைத் தடுக்கிறார். ஆட்டுக்கடாவைத் தாமே தருகிறார். பிற்காலத்தில் பென் இன்னோம் பள்ளத்தாக்கில் யூதர்கள் தங்கள் பிள்ளைகளை எரித்தபோது, "அதை நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை" என்று எரேமியா மூலம் சொன்னவரும் அவரே (எரேமியா 7:31).

அடிவாரத்தில் வேலைக்காரரிடம் ஆபிரகாம் சொன்னதையும் மறந்துவிடாதீர்கள்: "நானும் பிள்ளையாண்டானும் அவ்விடமட்டும் போய், தொழுதுகொண்டு, உங்களிடத்துக்குத் திரும்பி வருவோம்." அவர் போனது தொழுதுகொள்ள. திரும்பி வருவோம் என்று பன்மையில் பேசுகிறார். தனக்கு எல்லாமாக இருந்தவனையும் தேவன் கையில் விட்டுவிட்டு, அந்தத் தேவன் பொல்லாதவர் அல்ல என்று நம்பி நடந்தார். முழு இருதயம் என்று வேதம் சொல்வது இந்த நம்பிக்கையைத்தான் என்று நான் வாசிக்கிறேன்.

இந்தக் கதையைக் காட்டி, "நீயும் உன் பிள்ளையின் படிப்பை, மருத்துவத்தைத் தியாகம் செய்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் கேட்காதீர்கள். ஆட்டுக்கடா ஏற்கெனவே கொடுக்கப்பட்டாயிற்று.

தீர்க்கதரிசிகள் பலிகளை வெறுத்தார்களா?

பலியை வைத்து ஏமாற்றுவதை வெறுத்தார்கள். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லியிருந்தும், சவுல் ராஜா அமலேக்கியரிடமிருந்து நல்ல ஆடுமாடுகளைத் தனக்கென்று தப்பவைத்துக்கொண்டு, பிடிபட்டதும் "பலியிடத்தான்" என்றான். அதற்குச் சாமுவேலின் பதில்: "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்" (1 சாமுவேல் 15:22).

ஏசாயா முதல் அதிகாரமும் ஆமோஸ் ஐந்தாம் அதிகாரமும் இன்னும் கடுமை. ஆமோஸின் நாட்களில் வட இஸ்ரவேல் செழிப்பாக இருந்தது. பெத்தேலில் பண்டிகையும் பாட்டும் குறைவில்லாமல் நடந்தன. அதே மக்கள் ஏழையை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றார்கள். "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று தேவன் சொன்னது அவர்களிடம்தான். ஒலிபெருக்கியைப் பெரிதாக்கினால் ஆராதனை பெரிதாகும் என்று நினைக்கும் நாம் இந்த வசனத்தை வருடத்துக்கு ஒரு தடவையாவது சபையில் உரக்க வாசிக்க வேண்டும்.

மல்கியாவோ வேறொரு புண்ணைத் தொடுகிறார். குருடும் நொண்டியும் நோயுமான மிருகங்களை ஆலயத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அதை உன் அதிபதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார், அவன் உன்மேல் பிரியமாயிருப்பானோ என்று கேட்கிறார் (1:8). மிச்சமான நேரம், மிச்சமான பலம், யாருக்கும் உதவாத பழைய துணி என்று நாம் ஒதுக்கித் தருவதும் இதே வகைதான்.

இயேசுவின் மரணத்தைப் பலி என்கிறோம். கோபமான பிதா தம் மகனைக் கொன்று சமாதானமானாரா?

இல்லை. துரதிர்ஷ்டவசமாகச் சில பிரசங்கங்கள் அப்படித்தான் ஒலிக்கின்றன. பிள்ளைகள் அதைக் கேட்டுப் பயந்துபோகிறார்கள். "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்று இயேசு தம் ஜீவனைப் பற்றிச் சொன்னார் (யோவான் 10:18). பவுலும், தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்கிறார் (2 கொரிந்தியர் 5:19). பிதா ஒரு பக்கம், குமாரன் மறுபக்கம் என்று பிரித்துப் பார்த்தால் சுவிசேஷமே கெட்டுவிடும். சிலுவையில் விலை கொடுத்தது தேவன்தாமே.

எபிரெயர் நிருபம் இதை ஆலய மொழியில் விளக்குகிறது. ஆசாரியர்கள் நாள்தோறும் நின்று பலியிட்டார்கள். அந்த வேலை முடியவே இல்லை. கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்தி "உட்கார்ந்தார்" (10:11-12). அவருக்கு இனி அங்கே செய்ய வேண்டிய வேலை மிச்சமில்லை.

கிறிஸ்தவனின் தியாகம் இங்கிருந்து தொடங்குகிறது. இரட்சிப்பை வாங்குவதற்காக நாம் எதையும் கொடுப்பதில்லை. எல்லாம் கொடுக்கப்பட்டுவிட்டது என்று அறிந்ததால் கொடுக்கிறோம். இது இடம் மாறிவிட்டால் பக்தி முழுவதும் பேரமாகிவிடும். எவ்வளவு கொடுத்தாலும் போதுமா, போதுமா என்ற பயம் விடாது. அந்தப் பயத்தோடு பல வருடம் ஜெபித்து இளைத்துப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மிருகபலி எப்போது நின்றது?

கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்ததோடு அங்கே பலிகள் நின்றுபோயின. கிறிஸ்தவர்கள் அதற்கு முன்பே, கிறிஸ்துவின் பலி ஒரேதரம் செலுத்தப்பட்டது என்ற நம்பிக்கையில் ஊன்றிவிட்டார்கள்.

அப்படியானால் கத்தோலிக்கர்கள் ஏன் திருப்பலி என்கிறார்கள்? கிறிஸ்துவைத் திரும்பவும் பலியிடுகிறார்களா?

அப்படி அவர்கள் போதிப்பதில்லை. 1562இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் சொன்னது, சிலுவையில் செலுத்தப்பட்ட அதே பலிதான் திருப்பலியில் இரத்தம் சிந்தாத முறையில் செலுத்தப்படுகிறது என்பது. புதிதாக இன்னொரு பலி இல்லை. மார்ட்டின் லூதரும் மற்ற சீர்திருத்தக்காரர்களும் இதை ஏற்கவில்லை. திருவிருந்து தேவன் நமக்குத் தருவது, நாம் தேவனுக்குச் செலுத்துவது அல்ல என்றார்கள். நான் இந்த இரண்டாம் வழியில் வளர்ந்தவன், அதையே நம்புகிறேன். ஆனால் கத்தோலிக்க உறவினர் வீட்டுக்குப் போகும்போது "நீங்கள் தினமும் இயேசுவைக் கொல்கிறீர்கள்" என்று வாதிடுவது பொய்ச்சாட்சி. அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் திணிக்கக் கூடாது.

முழு இருதயத்தோடு ஆராதிப்பது என்றால் அழுவதா, கை தட்டுவதா? எனக்கு எதுவுமே வருவதில்லை.

நியாயப்பிரமாணத்தைப் போதிக்கும் ஒரு வேதபாரகன் இயேசுவிடம் பிரதான கற்பனை எது என்று கேட்டான். முழு இருதயத்தோடும், முழு ஆத்துமாவோடும், முழு மனதோடும், முழுப் பலத்தோடும் தேவனிடத்தில் அன்புகூர வேண்டும், உன்னைப்போல் பிறனையும் நேசிக்க வேண்டும் என்று பதில் வந்தது. அதைக் கேட்ட வேதபாரகன், இது சர்வாங்க தகனம் முதலிய எல்லாப் பலிகளைவிடவும் முக்கியம் என்று ஒத்துக்கொண்டான் (மாற்கு 12:28-33). ஆலயத்திலேயே நின்றுகொண்டு அப்படிச் சொல்ல அவனுக்குத் துணிச்சல் இருந்திருக்கிறது. "நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவனல்ல" என்றார் இயேசு.

எபிரெயருக்கு இருதயம் என்பது உணர்ச்சி மட்டும் இருக்கும் இடம் அல்ல. சிந்திப்பதும் தீர்மானிப்பதும் அங்கேதான். ஆகவே கண்ணீர் வராதவரும் முழு இருதயத்தோடு ஆராதிக்க முடியும். கண்ணீர் வருகிறவர் அதை அடக்கவும் வேண்டாம். பிள்ளையில்லாத அன்னாள் உதடு அசைய, சத்தமில்லாமல் ஜெபித்தாள். ஆசாரியன் ஏலி அவளைக் குடித்தவள் என்று நினைத்தார். மற்றவர் ஜெபத்தை வெளித்தோற்றத்தால் அளக்கும் எல்லோருக்கும் அந்த ஒரு சம்பவம் போதும்.

வறட்சி வரும் நாட்களும் உண்டு. சங்கீதங்களில் கணிசமான பங்கு புலம்பல். 88ஆம் சங்கீதம் இருளோடு முடிகிறது, ஆறுதல் வார்த்தை ஒன்றும் இல்லாமலே. அதையும் இஸ்ரவேல் ஆலயப் பாட்டாக வைத்திருந்தது. "கர்த்தாவே, இன்றைக்கு என்னிடம் ஒன்றும் இல்லை" என்று மனதாரச் சொல்ல முடிந்தால் அதுவும் உண்மையோடு தொழுதுகொள்வதுதான். நொறுங்குண்ட இருதயத்தை அவர் புறக்கணிக்கமாட்டார் என்று 51ஆம் சங்கீதத்தில் வாக்கு இருக்கிறது.

எங்கள் சபையில் ஆராதனை என்றால் பாடல் வேளை மட்டும்தான். அது சரியா?

பாட்டு ஆராதனையில் ஒரு பகுதி, நல்ல பகுதி. எபிரெயர் 13:15 அதை ஸ்தோத்திரபலி என்கிறது. அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும்: நன்மை செய்வதும் தானதர்மம் பண்ணுவதும் தேவன் பிரியப்படும் பலிகள்.

ரோமர் 12:1-இல் பவுல் சரீரத்தை ஜீவபலியாகக் கொடுக்கச் சொல்கிறார்; "இதுவே நீங்கள் செய்யத்தக்க புத்தியுள்ள ஆராதனை." பலரும் அந்த வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதிகாரம் முழுவதையும் படித்தால் ஜீவபலி எப்படியிருக்கும் என்று அவரே விவரித்திருப்பது தெரியும். தன்னைப் பற்றி மிஞ்சி எண்ணாதிருப்பது, அந்நியரை உபசரிப்பது, அழுகிறவர்களுடனே அழுவது, சத்துரு பசியாயிருந்தால் சாப்பாடு போடுவது. இதில் ஒன்றுக்கும் மேடை தேவையில்லை.

ஒருவரோடு பேச்சுவார்த்தை இல்லை. காணிக்கை போடலாமா?

மத்தேயு 5:23-24. பலிபீடத்தண்டையில் வந்த பிறகு சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்றார் இயேசு. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயர்கள். பலிபீடம் எருசலேமில், பல நாள் நடைதூரத்தில். அவ்வளவு தூரம் வந்தவன் பலியை வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பி, சண்டையைத் தீர்த்துவிட்டு, மறுபடியும் நடந்து வர வேண்டும்! தேவன் காத்திருப்பார் என்பதுதான் இதன் பொருள்.

குறை "உன்மேல்" இருந்தால் என்று சொல்லியிருப்பதைப் பாருங்கள். தவறு நம் பக்கம் இருக்கும்போது நாம் போக வேண்டும்.

தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் இந்த வசனத்துக்கு முன் தலைகுனிய வேண்டிய ஒன்று இருக்கிறது. தேவசகாயம் பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பாராமல் எல்லோரோடும் பழகினார்; சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அவருக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழித்தும், சாதிக்கொரு பகுதி என்று சுவர் வைத்துப் பிரித்த ஆலயத்தில்தான் மக்கள் தொழுதார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. தனிக் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கின்றன, கத்தோலிக்கச் சபையிலும் சரி, நம் சபையிலும் சரி. கல்லறையில் பக்கத்தில் படுக்க மறுக்கிறவரோடு ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணுகிறோம். இதைத் தீர்க்காமல் எழுப்புதல் கூட்டம் நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் கட்டாயமா? கடன் வாங்கியாவது கொடுக்கச் சொல்கிறார்களே?

நியாயப்பிரமாணத்தில் தசமபாகம் லேவியருக்குப் போனது. மூன்றாம் வருடத்துத் தசமபாகம் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் சேர்த்துப் போனது (உபாகமம் 14:28-29). புதிய ஏற்பாட்டுச் சபைக்குப் பத்தில் ஒன்று என்ற சட்டம் இடப்படவில்லை. மனதில் நியமித்தபடி, விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்பதுதான் பவுலின் அளவு (2 கொரிந்தியர் 9:7). பத்தில் ஒன்று என்பதை ஒரு நல்ல ஒழுங்காக வைத்துக்கொள்கிறவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். நிறைய சம்பளம் வாங்குகிறவருக்குப் பத்தில் ஒன்று தியாகமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். "ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" (2 கொரிந்தியர் 8:12). கொடுத்தால் நூறு மடங்கு திரும்பும் என்று வாக்குக் கொடுத்து வாங்குகிறவர் உங்களிடம் கேட்பது காணிக்கை அல்ல.

மிசோரம் சபைகளில் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைத் தேவனுக்கென்று தனியே எடுத்து வைப்பார்கள். கையில் காசு இல்லாத வீடுகள் அவை. அந்தப் பிடி அரிசி சேர்ந்து சேர்ந்து இன்றுவரை ஊழியங்களைத் தாங்குகிறது. நம் பக்கத்திலும் கைப்பிடி அரிசிக் காணிக்கை வழக்கம் இருந்தது, சில சபைகளில் இன்னும் இருக்கிறது.

ஏழை விதவை தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் போட்டாளே? இயேசு அவளைப் புகழ்ந்தாரே?

ஆமாம், ஐசுவரியவான்கள் போட்டதைவிட அவள் அதிகம் போட்டாள் என்றார். அவளுடைய இரண்டு காசுகளை அவர் ஒருபோதும் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் இந்தச் சம்பவத்துக்குச் சற்று முன்னால் மாற்கு 12:40-இல் அவர் என்ன சொன்னார்? விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைக் கண்டித்தார். சம்பவம் முடிந்ததும் அடுத்த அதிகாரத்தில், ஆலயத்தின் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறார். இந்த மூன்றையும் சேர்த்து வாசித்தால், அவளுடைய பக்திக்குப் புகழ்ச்சியும், அவளைக் கடைசிக் காசு வரைக்கும் கொண்டுபோன ஏற்பாட்டுக்குத் தீர்ப்பும் ஒரே இடத்தில் இருப்பது தெரியும். இவளைக் காட்டி விதவைகளிடம் காணிக்கை வசூலிக்கும் பிரசங்கி, 40ஆம் வசனத்தை முதலில் தனக்கு வாசித்துக்கொள்ள வேண்டும்.

ஊழியத்துக்காகக் குடும்பத்தைத் தியாகம் செய்யலாமா?

பெற்றோருக்குச் செலவிட வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்கு நேர்ந்துவிட்ட காணிக்கை என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு எப்படிக் கண்டித்தார் என்று மாற்கு 7:9-13-இல் பாருங்கள். பக்தியின் பெயரால் தாய் தகப்பனைப் பட்டினி போட வழிவிட்ட சட்டத்தை அவர் மனுஷர் பாரம்பரியம் என்றார். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது.

தேவ அழைப்பு வீட்டுக்குச் சில இழப்புகளைக் கொண்டுவரும், மறுக்கவில்லை. மிஷனெரிப் பிள்ளைகள் விடுதிகளில் வளர்ந்தார்கள். அதன் வலி சிலருக்குக் கடைசிவரை ஆறவில்லை. ஆகவே கணவன் தனியாக "நான் ஒப்புக்கொடுத்துவிட்டேன்" என்று வந்து அறிவிப்பது போதாது. மனைவியோடும் விவரம் தெரிந்த பிள்ளைகளோடும் சேர்ந்து ஜெபித்து எடுக்க வேண்டிய முடிவு அது. அடுத்தவருடையதை எடுத்துப் படைத்தால் அதற்குப் பெயர் பலி இல்லை. தாவீது இதைத் தெரிந்து வைத்திருந்தார். அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் இலவசமாகக் கொடுக்க முன்வந்தும், செலவில்லாத பலியைச் செலுத்தமாட்டேன் என்று 50 சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்தார் (2 சாமுவேல் 24:24).

கணவர் அடிக்கிறார். "உன் சிலுவையைச் சும" என்கிறார்கள். பொறுத்துக்கொள்வதுதான் தியாகமா?

இல்லை, சகோதரி. சிலுவை என்று இயேசு சொன்னது அவரைப் பின்பற்றுவதற்காக ஒருவர் தாமாக ஏற்கும் பாடு. வீட்டுக்குள் நடக்கும் அடி ஒரு மனிதனின் பாவம். நாட்டின் சட்டப்படி குற்றமும்கூட. அதைத் தாங்குவதால் அவருடைய ஆத்துமாவும் காப்பாற்றப்படாது, உங்கள் பிள்ளைகளும் நல்லதைக் கற்றுக்கொள்ளமாட்டார்கள். நாசரேத்தில் இயேசுவைக் கொல்லப் பார்த்தபோது அவர் அவர்கள் நடுவிலிருந்து கடந்து போய்விட்டார். பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார். ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சாட்டையடியைத் தடுத்தார். தப்பித்துக்கொள்வது விசுவாசக் குறைவு அல்ல.

நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் அழைக்கலாம். உங்கள் போதகர் சமாதானம் மட்டும் பேசினால், வேறொருவரிடம் போங்கள்.

தேவனுக்கு நேர்ந்துகொண்டு பொருத்தனை செய்தேன், நிறைவேற்ற முடியவில்லை. தண்டனை வருமா?

பொருத்தனை பண்ணிச் செலுத்தாமற்போவதைவிடப் பண்ணாதிருப்பதே நலம் என்று பிரசங்கி 5:5 எச்சரிக்கிறது. எச்சரிக்கை சரிதான்; அவசரத்தில் வாய்விடக் கூடாது. ஆனால் தம் பிள்ளைகளைக் கடன்காரரைப் போலத் துரத்தும் தேவனை இயேசு நமக்குக் காட்டவில்லை. முடிந்ததைச் செய்யுங்கள், முடியாததை அவரிடம் ஒத்துக்கொள்ளுங்கள். பொருத்தனையே தவறாக இருந்தால், யாரையாவது காயப்படுத்துவதாக இருந்தால், அதை நிறைவேற்றவே வேண்டாம். வீட்டிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று பொருத்தனை பண்ணிய யெப்தா, தன் வார்த்தையைக் காப்பாற்றித் தன் மகளை இழந்தான். நியாயாதிபதிகள் புத்தகம் அதை ஒரு வெற்றியாகச் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் இறைச்சியை விட்டால் போதுமா?

விடுங்கள், நல்லதுதான். ஏசாயா 58-ஐயும் படியுங்கள். பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு என்பது அங்கே உபவாசத்தின் ஒரு பாகம். நாற்பது நாள் கறிக்காசு எங்கே போகிறது என்று வீட்டில் கணக்குப் பாருங்கள். ஈஸ்டர் பிரியாணிக்குச் சேர்ந்துகொண்டிருந்தால் அது வேறு கணக்கு.

இந்தக் காலத்தில் உண்மையாகவே தன்னைப் பலியாகக் கொடுத்தவர் உண்டா?

உண்டு. 1941 ஜூலை இறுதியில் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து ஒரு கைதி காணாமல் போனதாகத் தெரிந்ததும், அதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினி அறையில் சாகும்படி நாஜிகள் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஃபிரான்சிசெக் கயோவ்னிசெக் என்பவர் தன் மனைவி பிள்ளைகளை நினைத்து அலறினார். அப்போது மாக்சிமிலியன் கோல்பே என்ற போலந்து நாட்டுக் குரு வரிசையிலிருந்து முன்னே வந்து, அவருக்குப் பதிலாகத் தன்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு வாரம் உணவில்லாமல் கிடந்து, ஆகஸ்ட் 14 அன்று விஷ ஊசி போட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 47. 1982இல் கோல்பே புனிதராக அறிவிக்கப்பட்ட ஆராதனையில் கயோவ்னிசெக் உட்கார்ந்திருந்தார். 1995 வரை வாழ்ந்தார்.

பெல்ஜியத்துக் குரு தமியான் வேறு விதம். 1873இல் ஹவாயின் மொலொக்காய் தீவில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தொழுநோயாளிகளிடம் போனார். அவர்களுக்கு வீடு கட்டினார், சவப்பெட்டி செய்தார், புண்ணைக் கழுவினார். நோய் அவருக்கும் வந்து, 1889இல் 49 வயதில் இறந்தார். கோல்பே ஒரு நிமிடத்தில் எடுத்த முடிவைத் தமியான் பதினாறு வருடம் தினமும் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கஷ்டமாகத் தெரிகிறது.

அன்பு இல்லாமல் சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை என்று பவுல் எழுதியதை (1 கொரிந்தியர் 13:3) இவர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். சாவதற்கான ஆசையை இவர்களிடம் காண முடியாது. கண் முன்னால் இருந்த ஒரு மனிதனை விட்டுப்போக இவர்களுக்கு மனம் வரவில்லை.

வயதாகிவிட்டது, படுக்கையில் இருக்கிறேன். ஆலயத்துக்குப் போக முடியவில்லை, கொடுக்கவும் ஒன்றும் இல்லை. நான் எதைப் படைப்பேன்?

அம்மா, ஐயா, முதலில் ஒன்று. படுத்துக் கிடப்பதால் நீங்கள் சபைக்கு வெளியே போய்விடவில்லை. தேவன் உங்களிடம் இல்லாததைக் கேட்கவும் மாட்டார். தூக்கம் வராத இரவில் பேரப்பிள்ளைகளின் பெயரையும் தெருவில் உள்ளவர்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபியுங்கள். பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். எரிச்சல் வரும் நாளில் அதுவே பெரிய ஸ்தோத்திரபலி. மற்றவர்கள் உங்களைத் தூக்கிக் குளிப்பாட்டும்போது கூச்சப்படாமல் அதை வாங்கிக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுவதும் கொடுத்தே பழகியவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவரும்படி போதகரிடம் ஆள் அனுப்பிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை, அவருடைய கடமை. வரும்போது சபையார் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், சேர்ந்து பாடலாம்.